மேனேஜர் வீட்டுப் புல்தரை

வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் மேனேஜர் மேனேஜராகவே இருந்தார். அதட்ட ஆள் இல்லாததால், வீட்டுக்குப் பின்னாலிருந்த புல்லை அதட்டி வளர்த்தார். அது தயங்கினால் யூரியாவை அள்ளி வீசினார்.

"அப்பா, நீங்க போடுற உரத்துல பாதி தண்ணியோட குளத்துக்குத்தான் போகுது. பாசி எப்படிப் படருது பாருங்க!" என்றாள் மகள்.

"அதுக்கும் வயிறு இருக்கில்லம்மா? சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

சாப்பிட்டது. சரிவின் அடியிலிருந்த சின்னக் குளம், கரை எது தண்ணீர் எது என்று தெரியாதபடி பச்சையாக மூடிக்கொண்டது. புல்தரை இரண்டு மடங்காகிவிட்டதாக மேனேஜர் கூசாமல் அளந்தார்.

இந்த லட்சணத்தில்தான் மகள் மனசுக்குப் பிடித்த பையன் தன் வீட்டாரோடு வந்தான். அவன் அப்பா தலையசைப்பதுதான் பாக்கி. அவரோ முன்னாள் நீதிபதி. வணக்கம் சொன்னாலே தீர்ப்பு வாசிப்பது போலிருக்கும்.

"புல்தரை பிரமாதம். அந்தக் கோடி வரைக்கும் ஒரே சீரா இருக்கே!" என்றார் நீதிபதி.

அது குளம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். மேனேஜருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "எல்லாம் நம்ம மேற்பார்வைதான்."

நீதிபதி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். "ஒரு மனுஷனோட ஒழுங்கு அவன் தோட்டத்துல தெரியும். ஒழுங்குங்கிறது என்னன்னா..."

தொபுக்!

இடுப்பளவுத் தண்ணீர்தான். எழுந்து நின்றார். தலையில் பாசிக் குல்லாய், காதில் பச்சைத் தோரணம். மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டார். போச்சு, மகளின் கல்யாணம் யூரியாவில் கரைந்தது.

முதலில் சிரித்தது நீதிபதியின் மனைவி. "கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து இவர் பேச்சைப் பாதியில நிறுத்த முடியல. நீங்க நிறுத்திட்டீங்க, சம்பந்தி!"

"சம்பந்தியா? நான் இன்னும் முடிவு சொல்லலையே!" என்றது குளம்.

"சொல்லித் தொலைங்களேன்."

"புல்லுன்னு குளத்தைக் காட்டினவரும் இறங்கணும். இறங்கி இதை அள்ளணும். அப்புறம்தான் கல்யாணம்."

மேனேஜர் செருப்பைக்கூடக் கழற்றாமல் குதித்தார். பின்னாலேயே மகள், பையன், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சம்பந்தியம்மாள். பாசியைப் பாய்போலச் சுருட்டிச் சுருட்டிக் கரையேற்றினார்கள்.

"அப்பா, இனிமே யூரியா?"

"அது இருக்கிற பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன் தாயே!"

வெயில் சாயும்போது குளத்தின் நடுவில் ஒரு தாம்பாளம் அளவுக்குத் தண்ணீர் தெரிந்தது. நீதிபதி தொண்டையைச் செருமினார். அத்தனை பேரும் கைநிறையப் பாசியோடு அவரை நோக்கித் திரும்பினார்கள்.

"பேசலை, பேசலை," என்றார் அவசரமாக. "கல்யாணம் என்னைக்குன்னு கேக்க வந்தேன்."