பீரங்கிக்காரரின் மருமகள்

போனை மாமனாரின் வலது காதோடு சேர்த்துப் பிடித்துப் பிடித்துச் சிவரூபிக்குக் கை மரத்துப்போய்விட்டது. இடது காது எதற்கும் உதவாது. அதைப் பீரங்கிச் சத்தம் எப்போதோ தின்று முடித்திருந்தது. வலது காதிலும் சத்தத்தை உச்சத்தில் வைத்தால்தான் ஏறும். ஆகவே வவுனியாவிலிருந்து பேசிய ரோஷனின் குரல் அவளுக்கும் ஒரு சொல் பிசகாமல் கேட்டது. இருவரும் பேசியது ஆங்கிலம். எந்த மொழியானாலும் உள்ளே போகும்போது அவளுக்கு யாழ்ப்பாணத் தமிழாகிவிடும்; பழக்கம் அப்படி.

“சேர், உங்களிட்டப் படிச்சதுதான் இப்ப களத்தில கைகுடுக்குது. உங்கட வகுப்பு ஒண்டையும் நான் மறக்கேல்லை.”

“அதுதான் எனக்குப் பயம்,” என்று கிழவர் சிரிக்கப் போய் இருமலில் மாட்டிக்கொண்டார். நர்ஸ் அற்புதராணி ஓடிவந்து ஆக்ஸிஜன் மாஸ்க்கை மூக்கில் பொருத்தினாள். அவர் அதைப் பிடுங்கிக் கழுத்துக்கு இறக்கினார்.

மேஜர் ஜெனரல் யாவர் பங்கஷ், பாகிஸ்தான் ராணுவம், ஓய்வு. கோஹாட்டில் பிறந்தவர். இரண்டு போர்களில் பீரங்கிப் படையில் இருந்தார். இரண்டாவதில் தோற்று, இந்தியச் சிறைமுகாமில் இரண்டு வருடம் உருளைக்கிழங்கு உரித்தார். திரும்பி வந்து படிப்படியாக மேலேறி, குவெட்டாவில் வெளிநாட்டு அதிகாரிகளுக்கெல்லாம் பாடம் எடுத்தார். ரோஷன் அங்கே வந்து படித்த இலங்கை ராணுவ அதிகாரி. மனைவி போனபிறகு பெரியவர் பதக்கங்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு ஷார்ஜாவுக்கு, ரோலாவில் மகன் கம்ரானின் ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வந்த இடத்தில் மருமகள் இலங்கைத் தமிழச்சி. கோஹாட்டில் இருந்த சொந்தங்கள் குதிகுதியென்று குதித்தன. “ரூபி என்ர மகள்” என்ற ஒரே வார்த்தையில் கிழவர் அத்தனை பேர் வாயையும் அடைத்தார். அன்றிலிருந்து அவள் அவருக்குப் பேட்டி ரூபி; உருதுவில் பேட்டி என்றால் மகள். அவள் அவிக்கும் குரக்கன் புட்டை முட்டைப்பொரியலோடு தின்றுவிட்டு, இதை மட்டும் தந்திருந்தால் நாங்கள் டாக்காவில் சரணடைந்திருக்க மாட்டோம் என்பார். நல்ல மனிதர். அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

இப்போது அந்த நல்ல மனிதரின் உயிர் மூக்கில் வந்து நின்றது. இன்றோ நாளையோ என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். சிவரூபிக்கு அந்த மூச்சு அடங்குவதற்குள் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. கேட்க அசிங்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பெற்ற தாய்க்காக எவள்தான் அசிங்கம் பார்ப்பாள்?

அவளுடைய அம்மா சுந்தரம்பாள் வன்னியில், கடலுக்கும் களப்பு என்கிற உப்பங்கழிக்கும் நடுவே ஒரு மணல்திட்டில் மாட்டியிருந்தாள். இரண்டாயிரத்து ஒன்பது சித்திரை மாதம். யாரோ ஒருவரின் சாட்டிலைட் போனில் ஒருதரம் பேசினாள். “பொக்கணையில இருக்கிறம் பிள்ளை. உடைஞ்ச ஐஸ் பக்டரிக்குப் பின்னால. கனசனம் எங்களோட. தண்ணிக்குத்தான்...” லைன் அறுந்தது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. டிவியில் மட்டும் புகை தெரிந்தது. பீரங்கியால் செல் அடிக்கிறவர்களுக்கு உத்தரவு போடுகிற இடத்தில் மாமனாரின் மாணவன் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்த நாளிலிருந்து, ஒரு போன் பண்ணுங்கள் அப்பாஜி, ஒரே ஒரு போன் என்று அவள் அவர் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவர் பிடிகொடுக்காமல் இருந்தார். இன்று வெள்ளிக்கிழமை காலை, என்ன நினைத்தாரோ, தானே போனைக் கொண்டுவரச் சொன்னார்.

“ரோஷன், என்ர மருமகளின்ர தாய் உங்க சண்டைக்குள்ள மாட்டுப்பட்டிருக்கிறா.”

“உங்கட குடும்பமோ சேர்? ஏன் முதலே சொல்லேல்லை? எந்த இடம்? இடத்தைச் சொல்லுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்.”

சிவரூபி அவர் முகத்தருகே குனிந்தாள். பொக்கணை, ஐஸ் பக்டரி என்று காலையில்தான் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோலச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அவரும் இரண்டுதரம் திருப்பிச் சொல்லிக் காட்டினார். சொல்லுங்கோ, சொல்லுங்கோ என்று அவள் உதடு அசைந்தது. கிழவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

“தெரியாது.”

“சேர்?”

“இடம் தெரியாது. வயசான தமிழ்ப் பொம்பிளையள் ஆர் வந்தாலும் மரியாதையா நடத்து. உன்ர ஆக்களுக்கும் சொல்லு. அவ்வளவுதான்.” லைனைத் துண்டித்துப் போனைக் கையால் தள்ளிவிட்டார்.

“பொய்!” சிவரூபி கத்திவிட்டாள். “எல்லாம் தெரிஞ்சுகொண்டு பொய் சொல்லுறீங்கள்! என்ர அம்மா அங்க சாகட்டும் எண்டோ?”

அவர் ஒரு விரலைத் தூக்கினார். பொறு, மூச்சு வரட்டும், சொல்கிறேன் என்று அர்த்தம். அவள் பொறுக்கவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று அடுக்களைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். சாகக் கிடக்கிறவரின் பழைய ராணுவப் புத்தி, கடைசியில் பட்டாளத்தான் பட்டாளத்தானோடுதான் சேருவான் என்று மனம் கண்டபடி ஏசியது. மரத்த கையை உதறிவிட்டு அதே நம்பரை அழுத்தினாள்.

“மக்களே!” என்று அற்புதராணி அறையிலிருந்து கூப்பிட்டாள். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரி, யாரானாலும் அவளுக்கு ‘மக்களே’தான்; குரல் ஃபிளாட் முழுக்கக் கேட்கும். “இஞ்ச வா மக்களே, அவரு ஒனக்க கிட்ட என்னமோ சொல்லணும்னு கெடந்து துடிக்கியாரு!”

“வாறன் அக்கா,” என்றாள் சிவரூபி. அதற்குள் மறுமுனையில் ரோஷன் எடுத்துவிட்டான்.

அவன் மரியாதையாகத்தான் பேசினான். ஊரைத் திருப்பிக் கேட்டான். ஐஸ் பக்டரிக்கு எந்தப் பக்கம் என்று கேட்டான். கடல் பக்கமா, களப்புப் பக்கமா என்று கேட்டான். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். “சரி மேடம். குறிச்சிட்டன். இனி யோசியாதேங்கோ,” என்றான். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு அவளுக்குத் தாகம் தெரிந்தது. ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு அறைக்குப் போனாள்.

கிழவர் தலையணையில் சாய்ந்து அவளுக்காகக் காத்திருந்தார். பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே மாஸ்க்கை வைத்து எடுத்து வைத்துத்தான் பேச முடிந்தது.

“எழுபத்தொண்டில நான் கப்டன். கிழக்குப் பாகிஸ்தானில, ஒரு ஆத்தங்கரை ஊர். ஒரு வாத்தியார் வெள்ளைத் துணியோட வந்து என்ர காலில விழுந்தான். எங்கட பெண்டுகள் பிள்ளையள் சணல் கிடங்குக்க இருக்கினம், அங்க மட்டும் அடியாதேங்கோ எண்டு. நான் மெய்யாவே இரக்கப்பட்டன் பேட்டி. மேப்பில அந்தக் கிடங்கைச் சுத்திச் சிவப்புப் பென்சிலால ஒரு வட்டம் போட்டன். அங்க அடிக்கக் கூடாது எண்டு.”

“பிறகு?”

“எனக்குக் காய்ச்சல். வேற ஆபீஸர் வந்தான். மேப்பைப் பாத்தான். பீரங்கிக்காரன்ர மேப்பில வட்டம் எண்டா என்ன? அவன் தன்ர வேலையைச் செய்தான்.”

அவர்கள் பேசிய உருது அற்புதராணிக்குப் புரியவில்லை. ஆனால் சிவரூபியின் முகம் வெளிறிப்போவதைப் பார்த்துவிட்டு அவள் தோளில் கை வைத்தாள்.

“குவெட்டாவில இதை ஒரு வகுப்பிலயும் சொல்லேல்லை. வெட்கம். ரோஷனுக்கும் சொல்லேல்லை. அவன் நல்ல பெடியன். நல்லவன் குறிச்சு வைப்பான், அடுத்து வாறவன் அடிப்பான். இவ்வளவு நாளும் போன் எடுக்காததும் அதுதான். இண்டைக்குக் குரலைக் கேட்டா நம்பிச் சொல்லலாமோ எண்டு பாத்தன். அவன் முதல் கேட்டதே இடம்.” அவள் கையைத் தேடிப் பிடித்தார். “இப்ப உன்ர அம்மா எந்த மேப்பிலயும் இல்லை. இல்லாதவைக்குத்தான் தப்ப ஒரு வழி இருக்கு. கோவமோ பேட்டி?”

சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம், அவர் எடுத்துப் பேசினால் அவன் கேட்பான். அவள் வாயைத் திறந்தாள். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி இருந்தது. அதைவிட, அந்த மார்பு ஏறி இறங்குகிற விதத்தைப் பார்த்தால் இன்னொரு போனுக்கு மூச்சு இருக்காது என்று யாருக்கும் தெரியும்.

“கோவமில்லை, அப்பாஜி.”

“நித்திரை வருது,” என்றார். ஜும்ஆ தொழுகைக்கு வெளியே பள்ளிவாசலில் பாங்கு சொன்னபோது அற்புதராணி நாடியைத் தேடிப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள், பிறகு ஆக்ஸிஜனை மூடினாள். “முடிஞ்சு மக்களே,” என்றாள். கம்ரான் மருந்துப் பையோடு படியேறி வந்தவன் வாசலிலேயே விளங்கிக்கொண்டான். பையைக் கீழே வைக்கத் தோன்றாமல் அப்பாவின் கால்மாட்டில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதான்.

சிவரூபியும் அழுதாள். அழுதபடியே அன்று முழுக்க அடுக்களைக்கும் கூடத்துக்குமாக நடந்து அந்த நம்பரை அழுத்திக்கொண்டிருந்தாள். மணி போயிற்று, எடுப்பாரில்லை. பிறகு மணியும் போகவில்லை.

மறுநாள் ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு அடக்கம் செய்யக் கபரஸ்தானுக்குப் போனார்கள். பெண்கள் கூடத்தில் வெள்ளை விரிப்பில் வட்டமாக உட்கார்ந்து, பேரீச்சங்கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கலிமா ஓதி நடுவில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. சிவரூபி எழுந்து பால்கனிக்கு ஓடினாள்.

“மேடம், கம்ரான் மெசேஜ் போட்டிருந்தார். சேர் எங்களுக்குத் தகப்பன் மாதிரி.” ரோஷனின் குரல் உண்மையாகவே தழுதழுத்தது.

“நான் நேத்துச் சொன்ன இடம்...”

“அதைப் பற்றி நீங்கள் யோசியாதேங்கோ. நானே குறிச்சு முன்னரங்குக்கு அனுப்பியாச்சு. எனக்கு இண்டையோட இங்க டியூட்டி முடியுது. புதுசா வந்தவரிட்ட மேப் எல்லாத்தையும் ஒப்படைச்சிட்டன்.”

“அதை அழியுங்கோ!” என்றாள். குரல் வீச்சென்று வந்தது. “அம்மா அங்க இல்லை. இடம் மாறியிட்டா. அங்க ஒருத்தரும் இல்லை.”

“அப்பிடியோ? நல்லகாலம் சொன்னீங்கள். எங்க மாறினவ?”

“இடம் வேண்டாம். சும்மா அழிச்சு விடுங்கோ.”

“சும்மா எப்பிடி மேடம்? எங்க இருக்கிறா எண்டு தெரியாமல் எப்பிடிக் காப்பாத்திறது? சேரின்ர குடும்பம். பேனை கையில இருக்கு, சொல்லுங்கோ, மாத்திக் குறிக்கிறன்.”

வலைஞர்மடத்தில் பெரியம்மா இருந்தாள். மாத்தளனில் அவளுக்குக் கணக்குப் படிப்பித்த ரீச்சர், பேரப்பிள்ளைகளோடு. முள்ளிவாய்க்காலில் சித்தியின் மகன் சுகிர்தனும் பெண்சாதியும் கைக்குழந்தையும். வாய்க்கு வந்த ஒவ்வொரு ஊரிலும் யாரோ ஒருவர் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். பால்கனிக்குக் கீழே ரோலாவில் துபாய் பஸ்ஸுக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

“ஹலோ? மேடம்? லைனில இருக்கிறீங்களோ? எந்த இடம்?”

அவள் போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.