இடுப்பளவுக்குக் கீழே வெள்ளை

நதீரா பஸ்ஸை விட்டிறங்கி வீட்டுக்கு வந்தபோது விறாந்தையில், பிளாஸ்டிக் கதிரையின் நுனியில், மெலிந்த ஒருவன் உட்கார்ந்திருந்தான். மடியில் பெரிய பால்மா டின் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். மாமி சல்மா உம்மா கொடுத்த தேநீர் பக்கத்து ஸ்டூலில் ஆடை படிந்து கிடந்தது. அவளைக் கண்டதும் எழும்பினான். டின்னை எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்தான். கோமாரியில் இருந்து வாறன், ஜீவராஜ் என்றான். அவளுக்குப் பேர் தெரியும். சவூதியில் அஸ்பாக்கோடு குழி வெட்டியவன். அஸ்பாக் அனுப்பிய குரல் பதிவுகளில் பின்னால் இருமுகிறவன்.

அஸ்பாக் அவளுடைய புருஷன், சல்மா உம்மாவின் மகன். அவன் மௌத்தாகிவிட்டான் என்று செய்தி வந்து இன்றோடு இருபத்து நாலு நாள். கம்பனிக்காரன் ஃபோனில் சொன்னான், பிறகு அரபியில் ஒரு தாள் வந்தது. வாகனம் புரண்டதாம், அன்றைக்கே அடக்கிவிட்டார்களாம். ஒரு படம்கூட இல்லை. நதீரா நம்பவில்லை. அதைக் கத்திக் குழறிச் சொல்லியிருந்தால் ஊர் விளங்கிக்கொண்டிருக்கும். அவளோ ஐந்தாம் நாள் காலையில் மதியச் சோற்றைக் கட்டிக்கொண்டு மண் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். இத்தா இருக்க வேண்டியவள் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து போகிறாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? மாமி ஒரு வெள்ளைப் புடவை வாங்கிவந்து அலுமாரிக் கதவில் தொங்கவிட்டாள். நாலு மாதம் பத்து நாள் அதை உடுத்து, அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். உயிரோடு இருக்கிற புருஷனுக்கு யாராவது இத்தா இருப்பார்களா என்று நதீரா கேட்டாள். அதற்குப் பிறகு மாமி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. புடவை தொங்கிய இடத்திலேயே தொங்கியது.

அவள் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் அஸ்பாக், சம்பளத்தை இழுத்தடிக்கிறார்கள், இப்படியே போனால் விசா தந்த கபீலை விட்டுப் பாய்ந்து வேறெங்காவது வேலைக்குப் போய்விடுவேன் என்றிருந்தான். பாய்ந்தவனைக் கணக்கில் வைத்திருப்பதைவிட மௌத்து என்று எழுதி ஃபைலை மூடுவது கம்பனிக்கு லேசு. எங்கேயோ ஒளித்துக்கொண்டு இருக்கிறான், ஆறு மாதமோ ஒரு வருடமோ போக ஃபோன் வரும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது பைத்தியக்காரக் கதையாகக் கேட்கும் என்று அவளுக்கே தெரியும். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டுதான் சோறு தின்றாள், தூங்கினாள், பஸ் ஏறினாள். அழுகை வரவேண்டிய இடம் பல்லுக்கு ஊசி போட்ட ஈறு மாதிரி மரத்துக் கிடந்தது.

வெளிநாட்டில் இருக்கிற மற்றப் புருஷன்மார் அத்தர் அனுப்புவார்கள், போர்வை அனுப்புவார்கள். நதீராவின் புருஷன் மண்ணைப் பற்றிக் கதை அனுப்பினான். ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் மேய்ச்சல் விடுகிற வனாந்தரத்தில் எந்த மண் எங்கே கிடக்கிறது என்று பார்த்து வகை பிரிக்கிற வேலை அது. படித்தவர்கள் பேர் வைப்பார்கள், அஸ்பாக்கும் ஜீவராஜும் குழி வெட்டிக் கொடுப்பார்கள். ஆறு அடிக் குழி, மைலுக்கொன்று. பொழுதுபட்டால் அவன் பதிவு வந்துவிடும். மேலே பொடிக்கல் பரவிக் கிடக்குது, அதுக்குக் கீழே அப்பத்தின் நடுப்பகுதி மாதிரிச் சின்னச்சின்ன ஓட்டை விழுந்த பொருக்கு, அதுக்குக் கீழே செங்கபிலம், உப்பு ருசி இல்லை. ருசி பார்த்தும் சொல்லுவான் பாவி. நதீரா இங்கிருந்து கேள்வி கேட்பாள்: ஈரமாக்கி உருட்டினால் திரியாக வருதா, உதிருதா? வேர் எவ்வளவு தூரம் போகுது? ஒரு தடவை எல்லாம் கேட்டுவிட்டு, அது வறள்நிலத்து மண், அடியில் சுண்ணாம்புப் படை உள்ள வகை என்று அவள் பேர் வைத்தாள். நாலு மாதம் கழித்துப் பெரிய இஞ்சினியரின் அறிக்கையிலும் அதே பேர் வந்தது. அஸ்பாக் முகாம் முழுக்கச் சொல்லித் திரிந்தானாம். கல்யாணம் முடித்து ஒன்பது வருடத்தில் அவன் அவளை அவ்வளவு புகழ்ந்தது அந்த ஒரு நாள்தான்.

ஜீவராஜ் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தான். வாகனம் புரண்டபோது அவன் முகாமில் இருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகமுன் எல்லாம் முடிந்துவிட்டது. குளிப்பாட்டினது, தொழுவித்தது எல்லாம் அந்தப் பக்கத்து ஆட்கள். குழி வெட்ட மிசின் வர நேரமாகும் என்றார்கள். மண்வெட்டியும் அலவாங்கும் வண்டியில் கிடந்தன.

"நான்தான் வெட்டின அக்கா," என்றான். "ஒருத்தரும் என்ட பேரைக் கேக்கல்ல. கேட்டிருந்தா விட்டிருப்பாங்களோ தெரியா. மண்வெட்டியத் தந்தாங்க, வெட்டின."

பிறகு டின்னை ஸ்டூலில் வைத்தான். குழியில் எடுத்த மண் என்றான். மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கபுறு மண்ணை வீட்டுக்குக் கொண்டுவருகிற வழமை எங்கட ஆட்களிடம் இல்லையே தம்பி என்று மெதுவாகச் சொன்னாள். அவன் முகம் கறுத்துப் போனது.

"எங்கட ஆக்கள்ள சாம்பலாவது கொண்டு வருவாங்க உம்மா. வெறுங்கையோட எப்பிடி இந்தப் படியில ஏறுற?"

நதீரா டின்னைப் பார்த்தாள். அஸ்பாக் பாய்ந்துவிட்டான் என்றால் அதை மறைக்கச் சிநேகிதன் வரமாட்டானா? கோமாரியில் மண்ணுக்கென்ன பஞ்சமா? கோமாரித் தென்னந்தோட்டத்து மண் வாரத்துக்கு ஒரு பையாவது அவள் மேசைக்கு வருகிறது. அமிலத்துக்கு நுரைப்பது சுண்ணாம்பு மண், இதில் விட்டால் பச்சைத் தண்ணீர் விட்ட மாதிரிச் சும்மா கிடக்கும். கடற்கரைப் பக்கம் என்றால் சிப்பித்தூளுக்கு நாலு குமிழி வரும், அவ்வளவுதான். அவள் டின்னை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். மாமி, என்ன புள்ள செய்யப் போறாய் என்று பின்னால் வந்தாள். ஜீவராஜ் வாசற்படியோடு நின்றுகொண்டான்.

மூடியைத் திறந்தாள். மண் கொட்டிக் கிடக்கும் என்று நினைத்திருந்தாள். உள்ளே மூன்று சொப்பிங் பைகள், ஒவ்வொன்றும் கழுத்தில் நூல் கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. மேல் மண் மேலே, அடி மண் அடியில்.

"அப்பிடித்தான் கட்ட வேணும் எண்டு அஸ்பாக் நானா சொல்லித் தந்த," என்றான் ஜீவராஜ். "கலந்தா மண் பொய் சொல்லுமாம்."

அச்சாறு போட வைத்திருந்த வினாகிரிப் போத்தலை எடுத்தாள். கூடத்து அமிலம் அளவுக்கு இல்லாவிட்டாலும் கேட்டதற்குப் பதில் சொல்லும். வெள்ளைப் பீங்கான் தட்டில் முதல் பையிலிருந்து ஒரு சிட்டிகை வைத்தாள். பொடிக்கல்லும் உடைந்த பொருக்கும். துளி விட்டாள். குமிழி வந்தது, ஆனால் நாலைந்துதான். சிப்பித்தூளாக இருக்கலாம். அவளுக்கு மூச்சு இலேசானது. இருக்கலாம், ஏன் இருக்கக் கூடாது? பொருக்குத் துண்டு ஒன்றை ஒடித்து உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்று தோன்றியது. பார்க்கவில்லை.

இரண்டாவது பை செங்கபிலம். கோமாரியில் அந்த நிறம் இல்லை, ஆனால் சாகாமத்துக் குளத்துப் பக்கம் போனால் கிடைக்கும். நனைத்து உருட்டினாள். திரி ஒரு விரலளவு நீண்டு அறுந்தது. துளி விட்டாள். இம்முறை நுரைத்தது. சாகாமத்து மண் நுரைக்காது. அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். போதும் என்று எழும்பிவிடலாம். இரண்டு பையோடு நிறுத்தி மூடியைப் போட்டுவிட்டால் நாளைக்கும் ஏழே கால் பஸ் இருக்கிறது, நாளை மறுநாளும் இருக்கிறது. ஒரு மண்ணுக்குப் பேர் வைக்க மேலே பார்த்தால் போதாது, அடிவரை பார்க்க வேண்டும் என்று பதினொரு வருடமாக விவசாயிகளுக்குச் சொல்லி வந்தவள் அவள். மூன்றாவது பையைக் கிட்ட இழுத்தாள்.

"எவ்வளவு ஆழம் வெட்டின தம்பி?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"நெஞ்சளவு அக்கா. இடுப்பளவு வரைக்கும் லேசு. அதுக்குக் கீழ வெள்ளை. அலவாங்கு போட்டுத்தான் வெட்டின. அரைவாசிக்கு வெட்டினா போதும் எண்டு அவங்க சொன்னாங்க. நான் விடல்ல."

மூன்றாவது பையின் நூல் இறுகிப்போயிருந்தது. பல்லால் அறுத்தாள். உள்ளே மண்ணைவிட வெள்ளைக் கட்டிகள்தான் அதிகம், சுண்டைக்காய் அளவில், சுண்ணாம்பு போல. சிலதில் அலவாங்கு பட்ட பளபளப்பான கீறல் இருந்தது. ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்தாள். துளி விட்டாள்.

அது சீறியது. மாமிக்கும் கேட்டது. நுரை கட்டியை மூடி வழிந்து தட்டின் விளிம்புவரை போனது. அடங்கும் என்று பார்த்தால் அடங்கவில்லை. இது இந்த ஊர் மண்ணில்லை. கல்முனையில் இருந்து பொத்துவில் வரை எங்கே வெட்டினாலும் இது வராது. இது அவளே பேர் வைத்த மண்.

அவளுக்கு அப்போதும் அழுகை வரவில்லை. கைகள் பழகிய வேலையைச் செய்தன. கைப்பையில் இருந்து கூடத்துச் சிட்டைகள் மூன்றை எடுத்தாள். ஒவ்வொரு பைக்கும் ஒரு சிட்டை என்பது அங்கே சட்டம், சிட்டை இல்லாத மண் வெறும் குப்பை. இடம் என்ற கட்டத்தில் இடத்தை எழுதினாள். ஆழம் எழுதினாள்: மேல், முழங்கால், நெஞ்சு. திகதி என்ற கட்டத்தில் பேனை நின்றது. அரபித் தாளில் அந்தத் திகதி இருந்தது. அதை அவள் ஒருநாளும் தமிழில் எழுதிப் பார்த்ததில்லை.

"எத்தினாந் திகதி வெட்டின தம்பி?"

"பதினாலு. அசர் தொழுகைக்குப் பொறகு."

பதினாலு என்று எழுதினாள். மூன்று சிட்டையிலும் எழுதினாள். நாலு மாதம் பத்து நாளை அதிலிருந்து எண்ணினாள். அதில் இருபத்து நாலு நாள் போய்விட்டிருந்தது, பெரும்பாலும் பஸ்ஸில். பைகளை வந்த ஒழுங்கிலேயே டின்னில் அடுக்கி மூடினாள். ஜீவராஜைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லும்படி மாமியிடம் சொன்னாள். இனி அவன் முன்னால் அவள் வரக்கூடாது.

"மாமி," என்றாள். "அந்தப் புடவைய எடுத்துத் தாங்க."

சல்மா உம்மா அசையாமல் நின்றாள். இத்தனை நாள் எடு எடு என்று கண்ணால் கெஞ்சியவளுக்கு இப்போது கால் நகரவில்லை. அவளுக்கும் மகன் இந்த நிமிடம்தான் மௌத்தானான்.

மேசையில் தட்டு அப்படியே இருந்தது. பெரிய நுரையெல்லாம் அடங்கிவிட்டது. கட்டியின் ஒரு ஓரத்தில் மட்டும் ஊசிமுனை அளவில் ஒரு குமிழி வருவதும் உடைவதுமாக இருந்தது.