பார்சல் சுவர்

நத்தைக் கூடுபோலச் சரிவுப் பாதை சுற்றிச் சுற்றி ஏறும் அந்தச் சாந்தியாகோ நகரத்துக் கடைக் கட்டடத்தின் மூன்றாம் சுற்றில், முப்பத்தோரு வருஷமாக ஓந்தினா பொம்மைக் கடை வைத்திருக்கிறாள். ஜெர்மனியிலிருந்து பொம்மை ரயில்கள், ஜப்பானிலிருந்து ஒட்டிச் சேர்க்கும் கப்பல்கள் எல்லாம் அவள் வரவழைத்துத்தான் அந்த ஊரில் பலபேர் கண்ணால் பார்த்தார்கள். இப்போதும் வருகிறார்கள். பெட்டியைத் தூக்கிப் பார்க்கிறார்கள், அரைமணி நேரம் விவரம் கேட்கிறார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போய்ப் போனிலேயே வாங்கிவிடுகிறார்கள். முன்பெல்லாம் அவளுக்குக் கோபம் வரும். இப்போது அதற்கும் தெம்பில்லை.

இந்த ஜூனில்தான் ஒரு பார்சல் கம்பெனி அவளைத் தேடி வந்தது. இணையத்தில் வாங்கிய சாமான்களை அவள் கடையில் வைத்திருக்க வேண்டும், உரியவர் வந்து அடையாள அட்டையைக் காட்டி வாங்கிப்போவார். அதில் வருவது கடை வாடகைக்குப் போதும். ஆனால் ஒரு சுவர் முழுசாகக் காலியாக வேண்டுமாம். இருந்த ஒரே சுவர் ரயில் பலகை நிற்கிற சுவர். நாலு மீட்டர் பலகை, தண்டவாளம், குகை, குட்டி ஸ்டேஷன். அந்தக் கடையில் எந்த எஞ்சின் விற்றாலும் அதில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டித்தான் கட்டிக் கொடுப்பாள். சனிக்கிழமை தோறும் நாலு பெரியவர்கள் தங்கள் எஞ்சின்களைக் கொண்டுவந்து ஓட்டுவார்கள்.

வெள்ளிக்கிழமை கம்பெனிப் பெண் யாஸ்னா வந்து காலிச் சுவரைப் போட்டோ எடுக்க வேண்டும். இல்லையென்றால் வாய்ப்பு கீழ்ச் சுற்றிலிருக்கும் நோட்டுப் புத்தகக் கடைக்குப் போய்விடும். அப்படிப் போனால் அடுத்த மாதக் கடைசியில் ஓந்தினா கடையை மூட வேண்டியதுதான்.

போன சனிக்கிழமை நாலு பேரிடமும் இதைச் சொன்னாள். எல்லாரையும்விடத் துடித்துப்போனவர் ஐந்தாம் சுற்றில் பல் மருத்துவம் பார்க்கும் நிபால்தோ. அந்த ஊர் மரியாதைப்படி அவர் தோன் நிபால்தோ, அவள் தோன்யா ஓந்தினா.

"அதைக் கழட்டிட்டா இது கடையா, தபாலாபீசா? நாங்க ஆளுக்கு ரெண்டு எஞ்சின் வாங்குறோம், தோன்யா ஓந்தினா. பலகையில கை வைக்காதீங்க."

அந்த வார்த்தையை நம்பி அவள் ஐந்து நாளாக ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை.

வியாழக்கிழமை, வெள்ளோட்டமாகப் பதினோரு பார்சல்கள் வந்தன. ஒன்றைக் கையில் எடுத்ததுமே கனத்தை வைத்தே தெரிந்துவிட்டது, எஞ்சின். மேலே பெயர்: நிபால்தோ அராஞ்சிபியா. அவள் அதை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

மாலையில் வெள்ளைக் கோட்டோடு, போனைப் பார்த்தபடி அவர் சரிவில் இறங்கி வந்தார். பக்கத்திலிருக்கும் பார்சல் இடத்தின் நம்பரை மட்டும்தான் போன் காட்டியிருந்தது, யார் கடை என்று சொல்லவில்லை.

"இங்க முப்பத்தேழாம் நம்பர் பார்சல் இடம் எது, தோன்யா?"

"இதேதான். அட்டையைக் குடுங்க."

அவர் சிரித்தார். "என்னைத் தெரியாதா? உங்க கடவாப்பல் நாலும் என் கைவேலை."

"பல்லைக் காட்டினா கம்பெனி ஒத்துக்காதாம். அட்டை."

அப்போதுதான் மேசைமேல் இருந்ததைப் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது. பிறகு பேசிக்கொண்டே போனார். இங்கே சொன்னால் இரண்டு மாதம் ஆகிறது, இது நாலே நாளில் வருகிறது, விலையும் குறைவு, வீட்டுக்கு வந்தால் மனைவி பார்த்துவிடுவாள். எதையும் அவள் மறுக்கவில்லை. சொன்னதெல்லாம் உண்மை, அதுதான் அவளை அதிகம் களைக்க வைத்தது.

பேச்சு தீர்ந்ததும், பழக்க தோஷத்தில் கேட்டார்: "ஒரு சுத்து ஓட்டிப் பாத்துரலாமா?"

என்ன கேட்டோம் என்று அவருக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை. ஓந்தினா பார்சலைப் பிரித்து, எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்து, பலகையின் விசையைப் போட்டாள்.

எஞ்சின் முதல் வளைவிலேயே திணறி நின்றது. அவள் அதைக் கவிழ்த்து, அச்சில் சுற்றியிருந்த பஞ்சு இழை ஒன்றை இடுக்கியால் உருவி, ஒரு பொட்டு எண்ணெய் வைத்துத் திரும்ப ஏற்றினாள். இப்போது அது குகைக்குள் புகுந்து, வெளியே வந்து, ஸ்டேஷனைத் தாண்டி அழகாக ஓடியது. இரண்டு பேரும் கண்ணெடுக்காமல் பார்த்தார்கள். அது என்னமோ, பொம்மை ரயில் ஓடினால் யாருக்கும் அப்படித்தான்.

ஒரு சுற்று முடிந்ததும் விசையை அணைத்தாள். எஞ்சினை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திருப்புளியை எடுத்தாள்.

"அதை வச்சிட்டு அந்தப் பக்கம் பிடிங்க."

"இப்பவேவா? சனிக்கிழமை நாங்க..."

"சனிக்கிழமை ஒன்பதுக்கே தெறந்துருவேன். அவங்கவங்க பார்சலை வந்து வாங்கிக்குங்க."

அவர் பிடித்தார். பலகையை வைக்கத் தன் வீட்டில் இடமில்லை என்று, அவள் கேட்பதற்கு முன்பே சொன்னார். பலகையை இரண்டாகக் கழற்றி வெளியே சரிவோரம் சாத்தினார்கள்.

மறுநாள் யாஸ்னா வந்து சுவரை அளந்தாள், போட்டோ எடுத்தாள், திருப்திதான் என்றாள். கிளம்பப் போனவள் கப்பல் பெட்டிகள் இருந்த அலமாரிப் பக்கம் திரும்பினாள்.

"இதையும் கொஞ்சம் தள்ளினா இன்னும் ரெண்டு வரிசை பார்சல் நிக்கும், அம்மா."

"எவ்வளவு தள்ளணும்?" என்று கேட்டுவிட்டு, ஓந்தினா அலமாரியில் தோளைக் கொடுத்தாள்.