கூரைப் பாலத்துக்கு ஒரு படம்

டென்மார்க்கில், ஸ்கீவக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே ஆற்றுக்கு மேலே, வீடு போலக் கூரை வைத்த ஒரு மரப்பாலம். 1911இல் ஒரு மில்காரர் மா மூட்டை நனையக்கூடாது என்று கட்டினாராம். அதற்குப் பிறகு நூறு வருசமாக அதற்குள்ளே நடந்தது, சனம் மழைக்கு ஒதுங்கியதும் பூசைக்குப் போகிறவர்கள் ஒளித்து நின்று சிகரெட் பிடித்ததும்தான். வரலாறு என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

போன ஒக்டோபர் புயலில் ஒரு மரம் விழுந்து கூரையை நொறுக்கியது. கூரையின் உட்பக்கம் தெரிகிற பழைய படம் இருந்தால் அதேமாதிரிக் கட்டுவோம், இல்லாவிட்டால் வெறும் கொங்கிரீட் என்று நகரசபையான கொமுன சொல்லிவிட்டது. ஊர்க்காரர் அலுமாரிகளைக் கிளறினார்கள். புத்திசாலிகள், நூறு வருசமும் பாலத்தில் நின்று ஆற்றைத்தான் படம் எடுத்திருக்கிறார்கள்.

கூட்டத்தில் நான் எழும்பி, எங்கள் கலியாணப் படம் அறுபதும் அந்தப் பாலத்துக்குள்தான் எடுத்தது என்று டேனிஷில் முழங்கினேன். கைதட்டினார்கள். முப்பத்திரண்டு வருசத்தில் முதல் தடவையாகக் கூட்டத் தலைவர் என் பெயரை யேசுரட்ணம் என்று பிழையில்லாமல் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அல்பத்தைத் திறந்தேன். முதல் படத்தில் நானும் மேரிகிறேசும் நயாகராவுக்கு முன்னால் நிற்கிறோம். அடுத்ததில் சுவிஸ் மலை. அதற்கடுத்ததில் தாஜ்மகால். படம் எடுத்த ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை பாலத்தை முழுக்க வெட்டி எறிந்திருந்தார். அவரில் பிழையில்லை. மரப்பலகையைப் பிறந்த ஊருக்கு அனுப்பினால் சனம் என்ன நினைக்கும் என்று நான்தான் காசு கொடுத்துப் பின்னணியை மாற்றுவித்தேன்.

மேரிகிறேஸ் கதிரையில் ஏறி அலுமாரிக்கு மேலிருந்து ஒரு கடித உறையை எடுத்தாள். உள்ளே ஸ்ரனிஸ்லாஸ் கழித்துவிட்ட ஒரு படம். கூரைச் சட்டம், வளை, ஆணி எல்லாம் துல்லியம். நடுவில் மணப்பெண் மூக்குச் சிவந்து அழுகிறாள். பக்கத்தில் நான், கறுப்புக் கோட்டும் சிரிப்புமாக. பிறந்த ஊர் நினைவில் அழுதவள் என்று நான் எல்லோருக்கும் சொல்லித் திரிந்த அழுகை அது.

"இதையே குடுக்கப்போறீர்? ஊரெல்லாம் பாக்கும்," என்றேன்.

"பாக்கட்டும். பாலம் வேணுமெல்லே."

கொமுனவிலிருந்து வந்த பெண் படத்தைப் பார்த்ததும் பழையபடி கூரை போடுவது உறுதி என்றாள். பாலத்தடித் தகவல் பலகையிலும் இதையே போடலாம், மணப்பெண் ஏன் அழுகிறார் என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கமுதல் மேரிகிறேஸ் டேனிஷில் பதில் சொன்னாள். பெப்ரவரி மாதம். சேலையோடு இரண்டு மணித்தியாலம் குளிரில் நின்றாளாம். கோட் படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று மாப்பிள்ளை கழற்றித் தரவில்லையாம்.

அந்தப் பெண் என்னைப் பார்க்காமல் எழுதிக்கொண்டாள். அவள் போனபிறகு மேரிகிறேசிடம் கேட்டேன்.

"ஏனப்பா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

கூரை ஏறியதும், அந்தப் படமும் மேரிகிறேஸ் சொன்ன பதிலுமாகப் பலகையையும் நட்டார்கள். போன சனிக்கிழமை நான் பக்கத்தில் நிற்க, ஒரு கிழவர் அதை ஆறுதலாக வரிவரியாக வாசித்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே தன் ஜக்கெட்டைக் கழற்றி மனைவியின் தோளில் போட்டார். அன்றைக்கு நல்ல வெயில்.