கேட்காத காதுப் பக்கம்

மூட்டை தூக்குகிறவர் காது ஆபரேஷனுக்காகத் தன் மச்சினனிடம் பட்ட கடன் எட்டாயிரத்து அறுநூறு ரூபாய். சின்ன வயதிலிருந்தே சீழ் வடிந்த வலது காது. ஆபரேஷன் முடிந்து காதில் வைத்திருந்த பஞ்சை எடுத்து ஒரு மாதமாகியும் ஒரே மந்தம். காசும் போய்க் காதும் வராமல் போய்விடுமோ என்று அவருக்குக் கவலை.

மச்சினன் தையல்காரன். கடனை முகத்துக்கு நேரே கேட்கக் கூச்சப்பட்டு, மாமாவின் வலப்பக்கம் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே திட்டி மனசை ஆற்றிக்கொள்வான். அன்றும் தன் கடையில் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து பட்டன் தைத்தபடி ஆரம்பித்தான்.

"வாங்குன மனுசன் கல்லு மாதிரி உக்காந்திருக்காரு பாரு."

"அடுத்த வாரம் பாதி தந்துடுறேன் மாப்ளே," என்றார் இவர், ஏதோ யோசனையில்.

ஊசி அவன் விரலில் ஏறியது. "ஐயோ மாமா! இந்தக் காதுலயா கேட்டுச்சு?"

அப்போதுதான் அவருக்கே உறைத்தது. இடது காதை அழுத்திப் பொத்திக்கொண்டார். "இன்னொரு தடவை திட்டுடா!"

"கடங்காரா," என்றான் மெல்ல.

"கேக்குதுடா!" அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

மச்சினன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "பணத்தை விடுங்க மாமா. நான் இத்தனை நாள் திட்டுனதுக்கும் அதுக்கும் சரியாப் போச்சு. அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."