பெட்டிக்குள் இன்னொரு காது

என் மச்சான் எனக்குத் தரவேண்டிய பாக்கி அறுபத்து மூவாயிரத்து எழுநூறு. அறுபத்து மூவாயிரம், வயரிங் வேலைக்கு டிரில் மெஷினும் பழைய வண்டி ஒன்றும் வாங்கக் கொடுத்தது. எழுநூறு, அந்த வண்டிக்கு டியூப் மாற்ற வேண்டும் என்று வாசலில் நின்றபடியே வாங்கிப் போனது. என் கழுத்து முறிந்ததற்குக் கம்பெனி கொடுத்த நஷ்டஈட்டிலிருந்துதான் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தேன். கழுத்தை விற்று டியூப் வாங்கித் தந்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இரண்டு வருடமாக ஒரு காசு திரும்பவில்லை. அப்படிப்பட்டவன் ஒரு காலையில் அட்டைப்பெட்டி, வயர்ச் சுருள், ஏணி சகிதம் வந்து இறங்கினால் மனிதனுக்குச் சந்தேகம் வருமா, வராதா?

"என்னடா இதெல்லாம்?" என்று கேட்டாள் என் மனைவி. அவனுக்கு அவள் கூடப்பிறந்த அக்கா.

"மாமாவுக்குத்தான்க்கா. இனிமே அவர் வாயைத் தொறந்தாப் போதும். லைட்டு, ஃபேன், கட்டில், கதவு எல்லாம் சொன்ன பேச்சைக் கேக்கும்."

"இந்த வீட்ல இத்தன நாளா நான் ஒருத்திதான் கேட்டுக்கிட்டிருந்தேன். துணைக்கு ஆள் வந்துச்சா? வரட்டும்."

"எவ்வளவு ஆச்சு மாப்ள?" என்றேன் நான்.

"விடுங்க மாமா. வேலை பாத்த ஒரு வீட்ல மிச்சமான சாமான். நமக்குள்ள என்ன கணக்கு?"

கடன் வாங்கினவன் இப்படிச் சொன்னால் கொடுத்தவன் உஷாராகிவிட வேண்டும். சாமானை மாட்டிவிட்டு, பாக்கியை அதிலேயே கழித்துக்கொள்ளப் பார்க்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

நான் கட்டட வேலையில் கிரேனுக்குக் கீழே நின்றவன். உயரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்குத் தரையில் நடப்பது சரியாகத் தெரியாது. ஏற்று, இறக்கு, நிறுத்து என்று வாக்கிடாக்கியில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த வாய் நான். ஒருநாள் கம்பிக்கட்டு ஒன்று அரைச்சுற்றுச் சுற்றி வந்து என் பிடரியில் இடித்தது. இப்போது கழுத்துக்கு மேலே உள்ளதெல்லாம் வேலை செய்கிறது. வலது தோள் கொஞ்சம் அசையும். விரல்கள் பேருக்கு இருக்கின்றன.

"இதுக்கு ஒரு பேரு வைக்கணும் மாமா. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் காது குடுக்கும்." சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை என் தலைமாட்டில் வைத்தான் மச்சான்.

யோசிக்கவே இல்லை. "கழுகு" என்றேன். என் கிரேனை ஓட்டியவனுக்கு நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயர் அது.

"கழுகு, ஃபேனைப் போடு."

"சரி" என்றது பெட்டி, தேன் தடவின பெண்குரலில். ஃபேன் சுற்றியது. எனக்கு அந்தச் 'சரி' பிடிக்கவில்லை. அசல் கழுகு ஒருநாளும் சரி என்று சொன்னதில்லை. நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் கொக்கியை இறக்குவான். திட்டுகிறவனை நம்பலாம். சொன்னதற்கெல்லாம் சரி என்பவனை எப்படி நம்புவது?

ஆனால் நம்பித்தான் ஆகவேண்டும். ஹோட்டல் துணிகளை வெளுக்கும் லாண்டரியில் என் மனைவி தேய்ப்புப் பிரிவில் இருந்தவள். நான் விழுந்ததும் என்னைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டாள். நஷ்டஈட்டுப் பணம் அடித்தட்டுக்கு வந்துவிட்டது. இந்த மாதத்துக்குள் வந்தால் பழைய இடம், இல்லையென்றால் வேறு ஆளை எடுத்துக்கொள்வேன் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். பெட்டி ஒழுங்காக இருந்தால் அவள் வேலைக்குப் போகலாம். இல்லையென்றால் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பசியாற வேண்டியதுதான்.

அவள் போனாள். நான் கதவைச் சாத்தச் சொன்னேன். மோட்டார் கிர்ரென்று சுற்றித் தாழ்ப்பாள் விழுந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு கதவை நானே சாத்தியிருக்கிறேன். மறுபடி திறக்கச் சொல்லி, மறுபடி சாத்தச் சொன்னேன். பார்க்கிறவன் பைத்தியம் என்றிருப்பான். பார்க்கத்தான் யாரும் இல்லையே! அதுதான் பெரிய சுகமாக இருந்தது. படுக்கையில் கிடப்பவனுக்கு எல்லாம் கிடைக்கும், தனிமை மட்டும் கிடைக்காது. துடைக்க ஒருவர், திருப்ப ஒருவர், பாவம் என்று சொல்ல ஒருவர் என யாராவது தலைக்கு மேல் நின்றுகொண்டே இருப்பார்கள். அந்த நாட்களில் நான் வாய்விட்டுப் பாடினேன். வேலைத்தள எஞ்சினியரை அவன் பரம்பரையோடு திட்டினேன். சில மதியங்களில் அழுதேன். ஏன் என்று கேட்க யாரும் இல்லை.

பிறகுதான் ஒவ்வொன்றாக உறுத்த ஆரம்பித்தது.

தண்ணீர் குடிக்க என் வாய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்க் குழாய் பொருத்தியிருந்தார்கள். அது ஓரத்தில் ஒழுகி என் தோளை நனைத்தது. தனியாக இருந்தபோது அதைப் பார்த்து, "சனியனே, உன்னை மாத்தணும்" என்று சொன்னேன். அன்று சாயங்காலமே மச்சான் புதுக் குழாயோடு வந்து நின்றான்.

"உனக்கு யார் சொன்னா?"

"அக்காதான் சொல்லுச்சு."

"நான் எங்கடா..." என்று ஆரம்பித்த என் மனைவி நிறுத்திக்கொண்டாள். "சொல்லியிருப்பேன். எதைச் சொன்னேன், எதைச் சொல்லலன்னு யாருக்கு ஞாபகம் இருக்கு?" துண்டை மடித்தாள். மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள்.

அடுத்தது கட்டில். தலைப்பக்கம் மோட்டாரில் ஏறி இறங்கும் ஆஸ்பத்திரிக் கட்டில் அது. மதியம் தூங்கிக்கொண்டிருந்தவன் கண் விழித்தால் என் தலைமாடு பாதி எழும்பி நிற்கிறது. உடம்பு கீழே சரிந்து, தாடை நெஞ்சில் குத்திக்கொண்டிருக்கிறது. மூச்சு பாதிதான் உள்ளே போனது. "கழுகு, இறக்கு" என்று சொல்லி முடிப்பதற்குள் உயிர் போய் வந்தது. நான் ஏற்றச் சொல்லவில்லை. வீட்டில் வேறு ஆள் இல்லை. அப்படியானால் ஏற்றியது யார்?

மச்சானின் போனிலும் இந்த வீட்டின் லைட், கட்டில் எல்லாம் வரிசையாகத் தெரியும் என்பதை அவன் பெட்டியை மாட்டிய அன்றே பார்த்திருக்கிறேன். கடன் கொடுத்தவன் ஒழிந்தால் கடனும் ஒழியும். இந்த நினைப்பு வந்ததற்கு எனக்கே வெட்கமாக இருந்தது. வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும் நினைப்பு போகவில்லை. மனைவியிடம் சொல்லவும் முடியாது. சொன்னால் அடுத்த நாளே அவள் வேலை போச்சு. அதைவிட, சொன்னதும் அவள் முகம் எப்படிப் போகும் என்று பார்க்கத் தைரியம் இல்லை. குழாய் விஷயத்தில் அந்த முகத்தையும் நான் பார்த்துவிட்டேனே.

அதனால் ஒரு பொறி வைத்தேன். அவள் வேலைக்குப் போன பிறகு, கூரையைப் பார்த்துக்கொண்டு சத்தமாகச் சொன்னேன். "இனிமே பொறுக்க முடியாது. மாப்ள இப்ப வயரிங் பண்ற அந்த மாடி வீட்டுக்காரருக்குப் போனைப் போட்டு, அவன் கூலியை நேரா எங்கிட்ட குடுத்துடுங்கன்னு சொல்லிடறேன்."

மாடி வீட்டுக்காரர் யார், அவர் நம்பர் என்ன, ஒன்றும் எனக்குத் தெரியாது. அந்த யோசனையே எனக்கு இல்லை. காற்றோடு சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் மனைவி வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் மச்சான் வந்தான். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. ஒரு கவரை என் நெஞ்சுமேல் வைத்தான்.

"பத்தாயிரம் இருக்கு மாமா. மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமா..."

"திடீர்னு எங்க இருந்து வந்துச்சு பாசம்?"

"சும்மாதான். ரொம்ப நாளாச்சேன்னு தோணுச்சு."

"அந்த மாடி வீட்டுக்காரர் நல்லவரா மாப்ள?"

"அவர்கிட்ட மட்டும் எதுவும் சொல்லிடாதீங்க மாமா, அடுத்த வீட்டு வேலையும் அவர்தான்..." வாயை மூடிக்கொண்டான். மூடினால் என்ன? எலி உள்ளே வந்துவிட்டது.

"அவர்கிட்ட பேசப்போறேன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. இந்தக் கூரைகிட்டதான் சொன்னேன். கூரை வந்து உங்கிட்ட சொல்லுச்சா?"

அவன் தன் அக்காவைப் பார்த்தான். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அவனைத் திட்டாதீங்க. நான்தான் கேட்டுக்கிட்டே இருடான்னு சொன்னேன்."

"என்னது?"

"லாண்டரி கேட்லயே எங்க போனையெல்லாம் வாங்கிப் பூட்டி வெச்சிடறாங்க. இங்க உங்களுக்கு மூச்சு முட்டுனா எனக்கு யார் சொல்லுவா? பொட்டி வழியா உங்க சத்தம் அவன் போனுக்குக் கேக்கும்னான். கேளுடான்னேன். உங்ககிட்ட சொன்னா ஒத்துக்க மாட்டீங்க. அதான் சொல்லல."

ஆக, ஒருவன் இல்லை, இரண்டு பேர். நான் பாடியது, திட்டியது, அழுதது எல்லாம் எங்கோ ஒரு வீட்டு ஏணிமேல், இவன் சட்டைப்பையில் ஒலித்துக்கொண்டிருந்திருக்கிறது. உடம்பில் உணர்ச்சி இல்லாத இடமெல்லாம் கூசியது.

"எவ்வளவு கேட்ட?" என்றேன்.

"எல்லாத்தையும் கேக்கல மாமா. வேலைக்கு நடுவுல எங்க கேக்கறது?" தலையைச் சொறிந்தான். "நீங்க பாடறது நல்லாத்தான் இருந்துச்சு. அந்த ரெண்டாவது பாட்டுதான் சுருதி சேரல."

"அடி செருப்பால. கட்டிலை ஏத்துனதும் சுருதி சேக்கத்தானா?"

அவன் முகம் மாறிவிட்டது. "நான் ஏத்தினேன்னா நெனச்சீங்க? இவ்வளவு நாளா?"

"பின்ன பேயா வந்து ஏத்துச்சு? கிரேனுக்கு ஒருத்தன்தான் சொல்லணும் மாப்ள. ரெண்டு வாய் சொன்னா கீழ நிக்கறவன் செத்தான். அன்னிக்கு எஞ்சினியர் வேற குறுக்க பூந்து சொன்னதாலதான் நான் இப்படிக் கெடக்கேன்."

"நிறுத்துன்னு மட்டும் யார் வேணா சொல்லலாம்னும் நீங்கதானே சொல்லுவீங்க?" போனை எடுத்து, பெட்டி பதிந்து வைத்திருந்ததில் எதையோ தேடி, என் காதருகே வைத்தான்.

என் குரல். தூக்கத்தில் குழறிய என் குரல். "கழுகு, ஏத்து... ஏத்து... கழுகு, இன்னும் ஏத்து." ஒவ்வொன்றுக்கும் அந்தத் தேன்குரல் "சரி, சரி" என்றது. பிறகு மோட்டார் இரைச்சல். பிறகு எதுவோ அடைத்துக்கொண்டது மாதிரி ஒரு மூச்சு.

கனவில் நான் வேலைத்தளத்தில் நின்றிருக்கிறேன். மேலே இருக்கும் கழுகுக்குச் சொல்லியிருக்கிறேன். தலைமாட்டில் இருந்த கழுகு கேட்டிருக்கிறது.

"ஏணி மேல இருந்தேன்," என்றான் மச்சான். "சத்தம் கேட்டுப் பாதியில நான்தான் போன்ல நிறுத்தினேன். எறக்குறதுக்குள்ள நீங்களே முழிச்சிட்டீங்க. அக்காகிட்ட சொன்னா பயந்துடும்னு சொல்லல. உங்ககிட்ட எப்படிச் சொல்றது? கேட்டுக்கிட்டிருந்தேன்னு ஒத்துக்கணுமே."

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் இது அப்போதுதான் தெரியும். "நாளைலேர்ந்து நான் போகல," என்றாள்.

"போற," என்றேன்.

"உங்க உயிரை விட எனக்கு அந்த இஸ்திரிப்பெட்டி பெருசா?"

"எல்லாரும் கேட்டுக்கிட்டே இருந்தா அது உயிரா இருக்காது. நான் அழறதை எந்த நேரமும் ஒருத்தன் கேப்பான்னா, நான் எங்க போய் அழறது? எழுந்து கொல்லைக்கா போக முடியும்?"

மச்சான், பெட்டி மாட்டிய அன்று இங்கேயே விட்டுப்போன ஏணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். உயிரைக் காப்பாற்றியவன். உண்மை. அதற்காக என் வீட்டுக்குள் அவன் காதை விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. அதுவும் உண்மை.

"மாப்ள, எனக்கு நீ தரவேண்டியது எவ்வளவு?"

"அறுபத்து மூணு... எழுநூறு."

"மொத்தமும் தள்ளுபடி. அதுக்குப் பதிலா உன் காதை எடுத்துக்கிட்டுப் போ. இந்த வீடு என் ஒருத்தன் பேர்ல இருக்கட்டும்."

"ஒரு காதுக்கு இவ்வளவு வெலையா மாமா? முன்னாடியே தெரிஞ்சிருந்தா ரெண்டையும் வெச்சிருப்பேனே."

அன்று இரண்டு மணி நேரம் பேரம் நடந்தது. கட்டில் ஒரு தடவை சொன்னால் ஒரு சாண்தான் எழும்பும், அடுத்த சாணுக்குக் கொஞ்ச நேரம் போகவேண்டும் என்று மாற்றினான். நான் "ஆபத்து" என்றால் மட்டும் அவனுக்கும் லாண்டரி ஆபீசுக்கும் மணி அடிக்கும். கழுகு என்ற பேரை எடுத்தாயிற்று. கனவில் வராத பேராக ஒன்று வேண்டும்.

"என் பேரை வெச்சிடாதீங்க," என்றாள் மனைவி. "முதலாளின்னு வைங்க. கனவுல கூட நீங்க எந்த முதலாளியையும் ஏவினதில்ல."

கடைசியாகப் போனை என் முகத்துக்கு நேரே பிடித்து, தன் பேரை அழித்தான். யார் யாருக்கு உரிமை என்ற இடத்தில் ஒரு பேர்தான் மிச்சம் இருந்தது. நான் எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படித்தேன்.

"சீக்கிரம் மாமா, சார்ஜ் போயிடும்."

"போகட்டும். எனக்கு அவசரம் இல்ல."

கவரை அவன் திரும்ப எடுக்கக் கையை நீட்டினான். என் மனைவி அதற்குள் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "தள்ளுபடி பண்ணினது அவரு. நான் இல்ல. படுக்கைப் புண்ணு வராத மெத்தை வாங்கணும்."

மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். நான் முதலாளியைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னேன். பிறகு வெகுநேரம் வாயைத் திறக்கவில்லை. பெட்டி சும்மா இருக்கிறதா, கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறதா? பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான்.

மச்சானை என்ன சொன்னாலும் தாங்குவான், அவன் வேலையைச் சொன்னால் மட்டும் தாங்கமாட்டான். இரண்டாவது பொறிக்கு அதைத்தான் எடுத்தேன். அவன் போடுகிற வயரிங் எலி பிராண்டின மாதிரி இருக்கும், அவன் மாட்டின சுவிட்சைத் தொடுகிறவன் உயில் எழுதிவிட்டுத் தொடவேண்டும் என்று ஆரம்பித்து, நிறுத்தி நிதானமாக, மனதார வைதேன்.

இரண்டு நாள் கழித்து ஏணியை எடுக்க வந்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீ குடித்தான். வண்டி டயர் தேய்ந்துவிட்டது என்று புலம்பினான். என் தலையணையை நிமிர்த்தி வைத்தான். கண்ணில் ஒரு கோபம் இல்லை, உதட்டில் ஒரு சிரிப்பு இல்லை.

அவன் நல்ல நடிகனாகவும் இருக்கலாம். அதற்கு மேல் துருவ எனக்குத் தெம்பில்லை. ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினான். பத்தாயிரம் போக மிச்சம் ஐம்பத்து மூவாயிரத்து எழுநூறையும் அப்போதுதான் மனதிலிருந்து அடித்தேன்.