பதுளை மருந்து

இருவருக்கும் ஒரே வயிற்றெரிச்சல்தான். ஆனால் இளையவள் யசோதினிக்குப் பதுளை மருந்து, மூத்தவள் கலாராணிக்குத் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி மருந்து. அண்ணனை மூத்தவளும் தம்பியை இளையவளும் கட்டி, லயத்து வீட்டு வரிசையில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்தார்கள்; கலாராணிக்கு இந்த மருந்து வித்தியாசம்தான் பொறுக்கவில்லை.

யசோதினியை அவள் புருசன் ஆட்டோ பிடித்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். தொண்டை வழியாகக் கமரா விட்டுப் பார்த்தார்களாம். இரைப்பையில் புண்; காரணம் ஒரு கிருமி. அதைக் கொல்ல மூன்று வகை மாத்திரை, பதினான்கு நாள்.

கலாராணியின் புருசன் விஜேந்திரனோ, "தேத்தண்ணியக் கொறைடி, சரியாயிரும்" என்று திரும்பிப் படுத்தான்.

மூன்றாம் நாள் யசோதினி பீலித் தண்ணீரில் குளிக்கப் போன நேரம், கலாராணி அவள் காம்பராவுக்குள் நுழைந்தாள். மருந்து உறைகளில் ஒன்றில் வெள்ளை மாத்திரை. டிஸ்பென்சரியில் தந்த வாய்வு மாத்திரையும் அதே பருமன், அதே வெள்ளை. மாற்றிப் போட்டாள். திருடவில்லை, மாற்றித்தானே வைத்தோம் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாள்.

பதுளை மருந்து தகரத்தை நக்கியது போலக் கசந்தது. கசந்தால்தான் கேட்கும் என்று சந்தோசமாக விழுங்கினாள்.

"இப்பல்லாம் மாத்திர கசக்கவே மாட்டேங்குதுக்கா. பழகிருச்சு போல" என்றாள் யசோதினி.

இரண்டு மாதத்தில் யசோதினி கொழுந்தெடுக்கப் போக முடியாமல் சுருண்டாள். பதுளைக் கிளினிக்குக்குத் துணையாகக் கலாராணிதான் போனாள்.

"கிருமி அப்படியே இருக்கு. மாத்திரைய நடுவுல விட்டீங்களா?" என்றார் டாக்டர் ரிஸ்கா.

"ஒரு வேள கூட விடலைங்க."

"அப்ப அந்த மருந்து ஒங்களுக்குக் கேக்கல. வேற கடுமையானது எழுதணும். புண்ணு ஆறலன்னா ரத்தம் கசியும்."

பேனா காகிதத்தில் பட்டது.

"எழுதாதீங்க டாக்டர்" என்றாள் கலாராணி. எல்லாவற்றையும் சொன்னாள்.

யசோதினி அவள் பக்கம் திரும்பினாள். "கேட்டிருந்தா அவருகிட்ட சொல்லி ஒங்களையும் கூட்டியாந்திருப்பேனேக்கா" என்றாள். அந்த நல்ல மனசு கலாராணியை வயிற்றெரிச்சலைவிட அதிகமாக எரித்தது.

"அரைகுறையா மருந்து தின்னா கிருமி சாகாது, தெரியுமா? இனி ரெண்டு பேருக்கும் எது கேக்கும்னு பாத்துத்தான் தரணும்." டாக்டர் கலாராணிக்காகப் புது கிளினிக் அட்டை ஒன்றை இழுத்தார். "ஒங்க பேரு? எவ்வளவு காலமா வலி?"

"கலாராணி. எட்டு வருசமாங்க." இதுவரை இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"துணைக்கு யாரு வந்திருக்கா?"



"நான்தாங்க" என்றாள் யசோதினி, வயிற்றைப் பிடித்துக்கொண்டே.

நல்லவளாக இருப்பதிலும் அவளே முந்திக்கொண்டாளே என்று கலாராணிக்குப் பொறாமையாக இருந்தது.